காய்ச்ச வேண்டாம், ஆற்றவும் வேண்டாம்

கேள்வி: எங்கள் ஊர் பாபநாசத்துக்குப் பக்கத்தில். கும்பகோணத்தில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை வேலை. பையனுக்கு நான்கு மாதம் முடிந்துவிட்டது. ஜூனில் பள்ளி திறந்ததும் நான் போயாக வேண்டும். காலை ஏழரைக்குக் கிளம்பினால் வீடு திரும்ப மாலை ஐந்தரை ஆகும். அத்தைதான் (மாமியார்) பார்த்துக்கொள்ளப் போகிறார். பழகட்டும் என்று இரண்டு நாள் தாய்ப்பாலை எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்துப் பார்த்தேன். மறுநாள் அத்தை அதைப் பால் சட்டியில் ஊற்றிப் பொங்கக் காய்ச்சி, டவராவில் ஆற்றி, பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தார். "பச்சைப் பாலை யாராவது பிள்ளைக்குக் கொடுப்பாங்களா? அதுவும் ஃப்ரிட்ஜ் பாலு, சளி பிடிச்சுக்கும்" என்கிறார். ஃப்ரீசரில் வைத்த பாலில் சோப்பு வாடை வேறு. எங்களுடையது ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ், கரண்டும் அடிக்கடி போகிறது. மைக்ரோவேவில் அரை நிமிடம் வைத்தால் போதும் என்கிறார் நாத்தனார். எது சரி? அத்தையிடம் எப்படிச் சொல்வது?
— ஒரு வாசகி, தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: "டவராவில் ஆற்றி" என்ற இடத்தைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோபித்துக்கொள்ளாதீர்கள். என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது என் அம்மாவும் இதையேதான் செய்தார். அப்போது நான் குழந்தை மருத்துவம் படித்து முடித்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அந்தப் படிப்பெல்லாம் அடுப்படியில் செல்லவில்லை.

நம் காவிரிக்கரைப் பெண்களுக்கு மாட்டுப்பாலைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். சொம்பைச் சாய்த்துப் பார்த்தே தண்ணீர் கலந்த பாலா இல்லையா என்று சொல்லிவிடுவார்கள். காபிக்குக் கள்ளிச்சொட்டு மாதிரி கெட்டியாக இருக்கிறதா, மாலைக்குள் திரிந்துவிடுமா என்பதெல்லாம் மூக்கிலும் விரலிலும் தெரியும். உங்கள் அத்தை செய்தது நாற்பது வருஷப் பழக்கம். அந்தப் பழக்கத்தை அப்படியே தாய்ப்பாலுக்குக் கொண்டுவந்துவிட்டார். நீங்கள் கேட்டிருக்கும் கேள்விகளில் பாதிக்கு மேல் அங்கிருந்துதான் முளைத்தவை.

மாட்டுப்பாலை ஏன் காய்ச்சுகிறோம்? கொட்டிலில் கறந்து, கேனில் ஊற்றி, நாலு கை மாறி, வெயிலில் வந்து சேர்கிற பால் அது. மாட்டுக்கு வரும் காசநோயும் புரூசெல்லா கிருமியும் பால் வழியாக மனிதருக்குத் தொற்றும். காய்ச்சாமல் குடித்தால் ஆபத்து. உங்கள் பாலோ உங்களிடமிருந்து உங்கள் பிள்ளைக்கே போகிறது. நடுவில் இருப்பது உங்கள் கையும் ஒரு பாத்திரமும் மட்டும்தான். இரண்டும் சுத்தமாக இருந்தால் போதும். அதில் நோயை எதிர்க்கும் புரதங்கள் இருக்கின்றன, உயிருள்ள அணுக்கள் இருக்கின்றன, கொழுப்பைச் செரிக்க உதவும் நொதிகள் இருக்கின்றன. பொங்கக் காய்ச்சினால் இவற்றில் பெரும்பகுதி வீணாகிவிடும். பசி அடங்கும், வயிறும் நிறையும். ஆனால் எதற்காக இத்தனை பாடுபட்டு எடுத்து வைத்தீர்களோ, அதில் பாதியைச் சட்டியிலேயே விட்டுவிடுகிறோம்.

"அப்படியென்றால் ஆஸ்பத்திரியில் தாய்ப்பால் வங்கியில் மட்டும் சூடு பண்ணுகிறார்களே?" என்று அத்தை கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. மும்பை சயான் மருத்துவமனையில் 1989இல் தொடங்கிய நாட்டின் முதல் தாய்ப்பால் வங்கியிலிருந்து எல்லா வங்கிகளுக்கும் இருக்கும் சூழ்நிலை ஒன்றுதான்: அங்கே வருவது வேறு தாயின் பால், அதைக் குடிக்கப்போவது பெரும்பாலும் குறைமாதக் குழந்தை. அதனால் கிருமி நீக்கியே ஆக வேண்டும். அங்கும் கொதிக்க விடுவதில்லை. 62.5 டிகிரியில் 30 நிமிடம் வைத்துச் சட்டென்று குளிர வைக்கிறார்கள். அதிலேயே கொஞ்சம் சத்துப் போகும் என்று தெரிந்தேதான் செய்கிறார்கள். சொந்தப் பிள்ளைக்குத் தாயின் பாலைத் தர அந்த வேலை தேவையில்லை.

பிறகு எப்படிச் சூடாக்குவது? பிள்ளையைக் குளிப்பாட்ட வெந்நீர் விளாவுவார்கள் இல்லையா, அதே பதம்தான். புறங்கையை விட்டால் சுடவும் கூடாது, சில்லென்றும் இருக்கக்கூடாது. ஒரு பெரிய கிண்ணத்தில் அப்படி விளாவிய தண்ணீரை ஊற்றி அடுப்பை விட்டுத் தள்ளி வையுங்கள். பால் இருக்கும் புட்டியை, மூடி இறுக்கி, அதற்குள் நிறுத்துங்கள். தண்ணீர் மட்டம் மூடிக்குக் கீழேயே இருக்கட்டும். மூடி வழியாக ஒரு சொட்டு உள்ளே போனாலும் நீங்கள் கழுவிக் காய்ச்சிய சுத்தம் அத்தனையும் போச்சு. 60 மில்லி பால் என்றால் சில நிமிடங்களில் குளிர் விட்டுவிடும். தண்ணீர் ஆறிப்போனால் கொட்டிவிட்டு மறுபடி விளாவி ஊற்றலாம். கிண்ணத்தை அடுப்பில் ஏற்றி, கொதிக்கும் தண்ணீருக்குள் புட்டியை வைக்கிற வேலை மட்டும் வேண்டாம். ஓரத்துப் பால் வெந்துபோகும், நடுப்பால் சில்லென்று கிடக்கும். உடம்புச் சூடு, அதாவது 37 டிகிரி, வந்தால் நிறைய. மணிக்கட்டின் உள்பக்கத்தில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். சொட்டு விழுந்ததே தெரியாத மாதிரி இருந்தால் அதுதான் பதம்.

இன்னொன்று. சூடே பண்ணாமல் அறைச் சூட்டுக்கு வந்த பாலையும் கொடுக்கலாம், ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த பாலைக் குளிர்ச்சியாகவேகூடக் கொடுக்கலாம். சளி வைரஸால் வருகிறது. பாலின் குளிர்ச்சியால் வருவதில்லை. சில பிள்ளைகள் குளிர்ந்த பாலைத் துப்புவார்கள், அவ்வளவுதான். இந்தக் கட்டத்தில் அத்தையோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். வெதுவெதுப்பாகக் கொடுப்பது அவருக்கு நிம்மதி என்றால் அப்படியே கொடுக்கட்டும்.

மைக்ரோவேவ் கூடவே கூடாது. புட்டி கைக்கு வெதுவெதுப்பாக இருக்கும், உள்ளே ஒரு பக்கம் மட்டும் கொதித்திருக்கும். பிள்ளையின் நாக்கு வெந்துபோகும். பாட்டில் வார்மர் வாங்கித் தந்தால் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் விளாவிய வெந்நீர் செய்வதைத்தான் அதுவும் செய்கிறது. அதில் பாலை வைத்துவிட்டு மறந்துபோவதுதான் அதில் இருக்கும் ஆபத்து.

இனி, பால் "திரிந்துபோவது". போன வருஷம் ஓர் இளம் தாய் கண் கலங்கிக்கொண்டு புட்டியோடு என் அறைக்கே வந்துவிட்டார். "டாக்டர், ராத்திரி எடுத்த பால், காலையில பார்த்தா திரிஞ்சு கிடக்குது. என் பால்லயே ஏதோ கோளாறு." வாங்கிப் பார்த்தேன். மேலே இரண்டு விரற்கடை மஞ்சள் ஏடு, கீழே நீலம் பாய்ந்த தண்ணீர் மாதிரி. புட்டியை மேசை மேல் வைத்து, சந்தனக் கிண்ணத்தைச் சுழற்றுவது போல மெல்லச் சுழற்றினேன். ஏழெட்டுச் சுற்றில் ஒரே நிறமாகிவிட்டது. அந்த அம்மா முந்தின வாரம் முழுக்க அந்த ஏட்டைப் பில்டரில் வடிகட்டி எறிந்திருக்கிறார்! கடையில் வாங்கும் பாக்கெட் பாலில் ஏடு பிரியாதபடி இயந்திரத்தில் உடைத்து அனுப்புவதால், பிரிந்த பால் என்றால் கெட்ட பால் என்று நமக்குப் பழகிவிட்டது. தாய்ப்பாலில் கொழுப்பு மேலே வந்துதான் நிற்கும். அதுதான் பிள்ளைக்கு எடை ஏற்றுகிற பகுதி. அதனால் புட்டியைச் சுழற்றிக் கலக்கிக் கொடுங்கள். டவராவுக்கும் டம்ளருக்கும் தூக்கி ஆற்றினால் காற்றுக் குமிழும், பாத்திரத்தில் ஒட்டிய அழுக்கும்தான் சேரும். ஆற்றுகிற அளவுக்குச் சூடாக்கியதே தவறு என்பது வேறு.

சோப்பு வாடைக்கும் காரணம் இருக்கிறது. உங்கள் பாலிலேயே உள்ள லைபேஸ் என்ற நொதி, பால் குளிரில் கிடக்கும்போதும் கொழுப்பை மெல்ல உடைத்துக்கொண்டிருக்கும். சிலருக்கு அது அதிக வேகமாக நடக்கும். பால் கெடவில்லை, பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. பிள்ளை குடித்தால் கவலையே படாதீர்கள். கெட்டுப்போன பால் வேறு மாதிரி: புளித்த வாடை, நாக்கில் வைத்தால் தெரியும். அதைக் கொட்டிவிடுங்கள். சோப்பு வாடைப் பாலைப் பையன் முகத்தைத் திருப்பிக்கொண்டு மறுத்தால் ஒரே ஒரு வழி உண்டு. அப்போதே எடுத்த பாலை, உறைய வைப்பதற்கு முன், அடுப்பில் வைத்து ஓரத்தில் சின்னக் குமிழ்கள் அரும்பும்போதே இறக்கி, ஐஸ் தண்ணீரில் பாத்திரத்தோடு நிறுத்திக் குளிர வைப்பது. பொங்க விடக்கூடாது. இதிலும் கொஞ்சம் நோய் எதிர்ப்புச் சத்துப் போகும். ஆகவே மறுத்தால் மட்டும். வாடை வந்துவிட்ட பாலைக் காய்ச்சி வாடையை எடுக்க முடியாது. உங்கள் விஷயத்தில் இதுவும் தேவைப்படாது என்றே நினைக்கிறேன். இன்று எடுத்ததை நாளையே கொடுத்துவிட்டால் வாடை வர நேரமே இருக்காது.

எத்தனை நேரம் வைக்கலாம் என்ற கணக்குக்கு வருவோம். 25 டிகிரி அறையில் 4 மணி நேரம், 4 டிகிரி குளிரில் 4 நாள் என்று பொதுவாகச் சொல்வார்கள். சரியான கணக்குத்தான். ஆனால் சித்திரை வைகாசியில் நம் அடுப்படி 25 டிகிரியிலா இருக்கிறது? குறுவைக்குத் தண்ணீர் வந்து நாற்று விட்ட பிறகும் வெக்கை அடங்குவதில்லை. அதனால் நான் என்னிடம் வருகிறவர்களுக்குச் சொல்வது: எடுத்த பாலை ஒரு மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள். உங்களுடையது போன்ற ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜில், கரண்டும் போய்ப்போய் வரும் வீட்டில், 24 மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுங்கள். மேலே இருக்கும் ஃப்ரீசர் பெட்டி, கதவைத் திறக்கும்போதெல்லாம் சூடு வாங்குகிற ஒன்று. அதில் 2 வாரம் போதும். தனிக் கதவு உள்ள ஃப்ரீசரில் 6 மாதம் என்று படித்தால் அது உங்கள் வீட்டுக்கு இல்லை.

ஃப்ரிட்ஜில் எங்கே வைப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கதவில் வேண்டாம். உள் தட்டில் பின்பக்கம், சுவரை ஒட்டி. பொங்கி வழிகிற இட்லி மாவுக்கும், கழுவி வைத்த மீனுக்கும் கீழே வைக்காதீர்கள். ஒரு சின்ன மூடி போட்ட டப்பாவுக்குள் பால் புட்டிகளை மட்டும் நிறுத்தி, அதை யாரும் தொடக்கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடிப் புட்டியோ, மூடி இறுகும் எவர்சில்வர் டப்பாவோ போதும். டீ பார்சல் கட்டும் கவர் கூடாது. ஒவ்வொன்றிலும் பிளாஸ்டர் ஒட்டித் தேதியும் மணியும் எழுதுங்கள். உறைய வைப்பதில் முக்கால் அளவே ஊற்றுங்கள், உறைந்தால் உப்பும். பழைய பாலின் மேல் புதுப் பாலைச் சுடச்சுட ஊற்றாதீர்கள். முதலில் அதையும் குளிர வைத்து, பிறகு சேர்த்து, பழையதன் மணியையே கணக்கில் வையுங்கள். உறைந்த பாலை முந்தின ராத்திரியே கீழ்த்தட்டுக்கு இறக்கிவிட்டால் காலைக்குள் உருகியிருக்கும். முழுக்க உருகியதிலிருந்து 24 மணி நேரம், வெளியே எடுத்துச் சூடாக்கிவிட்டால் 2 மணி நேரம். உருகியதைத் திரும்ப உறைய வைக்கக்கூடாது.

கரண்டு போனால் முதல் வேலை, கதவைத் திறந்து பார்க்காமல் இருப்பது. மூடியே இருந்தால் ஃப்ரிட்ஜ் சுமார் 4 மணி நேரம் குளிரைப் பிடித்து வைக்கும். மாதம் ஒருமுறை பராமரிப்பு என்று காலையிலிருந்து நிறுத்துகிற நாள் முன்கூட்டியே தெரிந்துவிடும். அதற்காக இரண்டு தண்ணீர் பாட்டிலை முக்கால் நிரப்பி எப்போதும் ஃப்ரீசரில் உறைய வைத்திருங்கள். அன்றைக்கு இட்லி வைக்கிற ஹாட் பாக்ஸை எடுத்து, உறைந்த பாட்டில்களுக்கு நடுவே பாலை வைத்து மூடிவிடுங்கள். சூட்டைப் பிடித்து வைக்கும் பெட்டி குளிரையும் பிடித்து வைக்கும். ஃப்ரீசரில் இருந்த பால் கொஞ்சம் உருகி, உள்ளே இன்னும் ஐஸ் படிகம் தெரிந்தால் திரும்ப உறையலாம். தண்ணீராகிவிட்டால் ஃப்ரிட்ஜுக்கு மாற்றி ஒரு நாளுக்குள் கொடுங்கள். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு பட்டுக்கோட்டை, வேதாரண்யம் பக்கம் பல ஊர்களுக்கு வாரக்கணக்கில் மின்சாரம் வரவில்லை. அந்த மாதிரி நாளில் சேமித்த பாலை நம்ப முடியாது, நேராக மார்பில் கொடுப்பதுதான். அதனால் ஃப்ரீசரை நிரப்பி வைக்க வேண்டும் என்ற ஆசை வேண்டாம். இரண்டு மூன்று வேளைப் பால் அவசரத்துக்கு இருந்தால் போதும்.

பள்ளியில் என்ன செய்வீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அங்கே மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை பீய்ச்சி எடுக்காவிட்டால் மார்பு கட்டிக்கொள்ளும், பால் சுரப்பும் குறைந்துகொண்டே வரும். மகப்பேறு பயன்களுக்கான சட்டத்திலேயே, பிள்ளைக்கு 15 மாதம் ஆகும் வரை வேலை நேரத்தில் பாலூட்ட இரண்டு இடைவேளை தர வேண்டும் என்று இருக்கிறது. தலைமையாசிரியையிடம் பயப்படாமல் கேளுங்கள். கதவைச் சாத்தக்கூடிய ஓர் அறையும் கைகழுவ சோப்பும்தான் வேண்டும், கழிப்பறை வேண்டாம். பம்பு இல்லாவிட்டாலும் பரவாயில்லை. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் கருவட்டத்துக்குச் சற்றுப் பின்னால் வைத்து, முதலில் நெஞ்சுப் பக்கமாக அழுத்தி, பிறகு விரல்களைச் சேர்த்து அமுக்கி விட வேண்டும். தோலைத் தேய்த்து இழுக்கக்கூடாது. இரண்டு நாள் கொஞ்சமாகத்தான் வரும், மூன்றாம் நாள் கை பழகிவிடும். பாலைக் கொண்டுவர, புதன்கிழமை தடுப்பூசி போட வரும் நர்ஸ் தோளில் மாட்டி வருகிற ஐஸ் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அதே ஏற்பாடுதான். குளிர் தாங்கும் பை, அதில் நன்றாக உறைந்த ஐஸ் பேக், நடுவில் பால். உறைந்த பேக் இருந்தால் ஒரு நாள் வரை தாங்கும். பஸ் ஜன்னலோரம் வெயிலில் வைக்காமல் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். பேருந்து நிலையங்களில் 2015இல் திறந்த பாலூட்டும் அறைகள் நினைவிருக்கும். நான் எட்டிப் பார்த்த ஒன்றிரண்டில் பூட்டு தொங்கியது. மாலையில் பஸ் தாமதமானால் கூச்சப்படாமல் சாவி கேட்டு வாங்குங்கள்.

அளவு: நேராகக் குடிக்கும் பிள்ளைக்கு ஒரு மாதத்துக்குப் பிறகு நாளுக்குச் சராசரியாக 750 மில்லி போகிறது. அதாவது நீங்கள் இல்லாத ஒவ்வொரு மணி நேரத்துக்கும் சுமார் 30 மில்லி. பத்து மணி நேரத்துக்கு 300 மில்லி, கூட ஒரு புட்டி. 60 மில்லி, 60 மில்லியாக வைத்தால், வாய் வைத்து மிச்சமானதைக் கொட்டும்போது மனசு அவ்வளவாகப் பதறாது. வாய் வைத்த பாலை 2 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். திரும்ப ஃப்ரிட்ஜில் வைப்பதோ, மறுபடி சூடாக்குவதோ கூடாது, எச்சில் பட்டுவிட்டது. தண்ணீரோ சர்க்கரையோ கற்கண்டோ எதுவும் சேர்க்க வேண்டாம்.

கடைசியில் அந்தப் பாட்டில். அதைச் சுத்தமாக வைப்பது பாலைச் சுத்தமாக வைப்பதைவிடக் கஷ்டம். நிப்பிளின் உள்மடிப்பு, மூடித் திருகு, அளவுக் கோடு, எல்லாவற்றிலும் கொழுப்பு ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் பிரித்து, சோப்பும் பிரஷும் போட்டுக் கழுவி, தண்ணீரில் மூழ்கக் கொதிக்க வைத்து, 10 நிமிடம் விட்டு எடுத்துக் காய வைக்க வேண்டும். அடுப்பில் காய்ச்ச வேண்டியது இதைத்தான்! என்னைக் கேட்டால் பாட்டிலே வேண்டாம். உங்கள் வீட்டில் சங்கு இருக்கும், இல்லாவிட்டால் பாலாடை (மூக்கு வைத்த சின்னக் கிண்ணம்) வாங்கிக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியில் குறைமாதக் குழந்தைகளுக்கே பாலாடையால்தான் கொடுக்கிறோம். இடுக்கு கிடையாது, கழுவுவது சுலபம், நிப்பிளுக்குப் பழகி மார்பை மறுக்கும் தொல்லையும் இல்லை. உங்கள் கணவரை அத்தை சங்கில்தான் வளர்த்திருப்பார், கேட்டுப் பாருங்கள். ஒரே ஒரு மாற்றம் மட்டும் வேண்டும். காலில் மல்லாக்கப் போட்டு ஊற்றக்கூடாது, புரையேறிவிடும். மடியில் நிமிர்த்தி உட்கார வைத்து, சங்கின் மூக்கைக் கீழுதட்டில் தொட்டபடி பிடித்தால் பிள்ளையே நாக்கை நீட்டி இழுத்துக்கொள்ளும்.

அத்தையிடம் சொல்வதற்கும் இதுவே வழி என்று எனக்குத் தோன்றுகிறது. "டாக்டர் காய்ச்ச வேண்டாம் என்றார்" என்று ஆரம்பிக்காதீர்கள். "சங்கில் கொடுக்க எனக்குத் தெரியாது, நீங்கள்தான் காட்டித் தர வேண்டும், வெந்நீர் பதமும் உங்கள் கைக்குத்தான் சரியாக வரும்" என்று கிண்ணத்தை அவரிடம் கொடுங்கள். விளாவட்டும். பள்ளி திறக்க இரண்டு வாரம் முன்பிருந்து தினம் ஒரு வேளை நீங்கள் அடுத்த அறையில் இருந்துகொண்டு அவர் கொடுக்கட்டும். உங்கள் வாசனை பக்கத்தில் இருந்தால் பையன் சங்கைத் தள்ளிவிடுவான்.

பள்ளி திறந்த பிறகு நாலரை மணிக்கு மேல் பையன் சிணுங்கினால், வயிறு முட்டக் கொடுக்காமல் இரண்டு சங்கு மட்டும் கொடுத்துத் தோளில் போட்டு வாசலுக்குக் கூட்டி வரச் சொல்லுங்கள். நீங்கள் பஸ்ஸை விட்டு இறங்கி வரும்போது அவனுக்குப் பசி இருக்க வேண்டும்.